உப்புப் படுகைக்கு மேலே நான்கு சிகரங்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டி இருக்கிறது டெத் வேலி என்ற பாலைவனப் பள்ளத்தாக்கு. அதன் மேற்குச் சுவராக வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது பனமின்ட் மலைத்தொடர். இத்தொடரில் வைல்ட்ரோஸ் (2,763 மீட்டர்), ரோஜர்ஸ் (3,046 மீட்டர்), பென்னெட் (3,042 மீட்டர்), டெலஸ்கோப் (3,368 மீட்டர்) என்ற நான்கு சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. பனி இல்லாத மாதங்களில் இவற்றில் ஏறக் கயிறு வேண்டாம், பாறையேற்றப் பயிற்சியும் வேண்டாம். ரோஜர்ஸ், பென்னெட், டெலஸ்கோப் மூன்றையும் தொட்டுத் திரும்ப ஒரு முழு நாள் ஆகும். நான்கையும் தொட நினைத்தால் விடியலில் தொடங்கி இருட்டும் வரை நடக்க வேண்டியிருக்கும். இந்த நடையைத் துணையின்றித் தனியாக மேற்கொள்பவர்களும் உண்டு. பாலைவன மலை எப்படிப்பட்டது, அதில் தனியாக நடப்பவர் எதற்கெல்லாம் கணக்குப் போட வேண்டும் என்று அறிய இந்த முகடு நல்ல எடுத்துக்காட்டு.

பள்ளமும் உயரமும்

டெத் வேலியின் அடித்தளத்தில் உள்ள பேட்வாட்டர் உப்புப் படுகை கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த நிலம் இதுதான். அங்கிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில், 3,368 மீட்டர் உயரத்தில் நிற்கிறது டெலஸ்கோப் சிகரம். இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் ஏறத்தாழ 3,450 மீட்டர் ஏற்றம் அமைந்த இடங்கள் அந்நாட்டில் மிகக் குறைவு.

இந்த மலையும் பள்ளமும் ஒரே இயக்கத்தில் பிறந்தவை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் புவியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இழுபடும் ஓடு பிளவுகளாக உடைகிறது. பிளவுகளுக்கு இடையே சில பாளங்கள் கீழே இறங்குகின்றன, சில உயர்ந்து நிற்கின்றன. இறங்கிய பாளம் டெத் வேலி. உயர்ந்த பாளம் பனமின்ட். பள்ளத்தாக்கின் தளம் கிழக்கு நோக்கிச் சாய்ந்துகொண்டே இறங்குவதால், பனமின்ட் பக்கத்து ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய கற்களும் மணலும் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விசிறி போலப் பரந்து கிடக்கின்றன. எதிர்க்கரையில் உள்ள வண்டல் விசிறிகள் மிகச் சிறியவை. முகட்டில் நடப்பவர் கீழே பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இப்பகுதி பாலைவனமானதற்கும் மலைகளே காரணம். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா மலைத்தொடரில் ஏறும்போது குளிர்ந்து, மழையாகவும் பனியாகவும் பெய்து தீர்க்கிறது. மிஞ்சிய ஈரத்தில் பெரும்பங்கை அடுத்தடுத்து நிற்கும் ஆர்கஸ், பனமின்ட் தொடர்கள் பறித்துக்கொள்கின்றன. டெத் வேலிக்குள் இறங்கும் காற்றில் ஈரம் இருப்பதில்லை. இறங்க இறங்க அது அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 5 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அதே நிலத்தில் நீர் தேங்கி நின்றால் ஓர் ஆண்டில் 380 சென்டிமீட்டர் வரை ஆவியாகிவிடும். உலகில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பு ஏற்றிருக்கும் 56.7 டிகிரி செல்சியஸ், 1913 ஜூலை 10 அன்று இங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவானது. அந்த அளவீட்டை ஐயுறும் வானிலை அறிஞர்களும் உண்டு. ஆனால் அங்கே கோடைப் பகலில் 49 டிகிரியைத் தொடுவது வழக்கமான செய்தி.

ஏற ஏற மாறும் உலகம்

உயரம் கூடக் கூட வெப்பம் குறைகிறது. 300 மீட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 3 டிகிரி வரை இறங்கும். பள்ளத்தாக்கில் 45 டிகிரி கொளுத்தும் நாளில் டெலஸ்கோப் உச்சியில் 20 டிகிரியை ஒட்டி இதமான காற்று வீசக்கூடும். இந்த வேறுபாட்டைச் செடிகொடிகளிலும் காணலாம்.

உப்புப் படுகையின் நடுவில் ஒரு புல்லும் முளைப்பதில்லை. அதன் விளிம்பைத் தாண்டி வண்டல் விசிறிகளில் கிரியோசோட் புதர்கள் இடைவெளி விட்டு நிற்கின்றன. மேலே போகப் போகச் சேஜ் புதர்களும், சுமார் 2,000 மீட்டரை ஒட்டிப் பினியன் பைனும் ஜூனிப்பரும் வருகின்றன. அதற்கு மேல் மலை மஹோகனி. முகட்டின் உயர்ந்த பகுதிகளில் லிம்பர் பைன், பிரிஸ்டில்கோன் பைன் ஆகிய இரண்டும் தாக்குப்பிடிக்கின்றன.

பிரிஸ்டில்கோன் பைன் உலகின் மிக நீண்ட ஆயுள் கொண்ட மர இனங்களில் ஒன்று. இதே மாநிலத்தின் ஒயிட் மவுண்டன்ஸ் மலையில் இருக்கும் மெத்தூசலா என்ற பிரிஸ்டில்கோன் மரத்தின் வயது 4,800 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. குளிரும் வறட்சியும் காற்றும் இந்த மரத்தை மிக மெதுவாக வளர வைக்கின்றன. அதனால் கட்டை நெருக்கமாகவும் பிசின் நிறைந்ததாகவும் அமைகிறது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அதைத் தின்ன முடிவதில்லை. மரத்தின் பெரும்பகுதி பட்டுப்போன பிறகும் ஒரு பட்டைக்கீற்று மட்டும் உயிரோடு இருந்து உச்சியில் பச்சை இலைகளைத் தாங்கிக்கொண்டிருக்கும். லிம்பர் பைன் விதைகளைப் பரப்பும் வேலையைக் கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்ற சாம்பல் நிறக் காகக் குடும்பத்துப் பறவை செய்கிறது. குளிர்காலத்துக்காக அது மண்ணில் புதைத்து வைத்து, எடுக்காமல் விட்ட விதைகளிலிருந்து புதிய மரங்கள் முளைக்கின்றன.

முகட்டில் பதிந்த பெயர்கள்

இந்த மலையும் பள்ளத்தாக்கும் டிம்பிஷா ஷோஷோனி மக்களின் தாயகம். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் ஊற்றுகளை அண்டியும், கோடையில் மலையின் குளிர்ச்சியிலும் அவர்கள் வாழ்ந்தார்கள். இலையுதிர்காலத்தில் பினியன் பைன் கொட்டைகளைச் சேகரித்து உணவாகச் சேமித்தார்கள். வெப்பத்தோடு மல்லுக்கட்டாமல் உயரத்தைக் கொண்டே அதைச் சமாளித்தது அவர்களின் வாழ்முறை. 1933இல் இந்நிலம் தேசிய நினைவிடமாகவும், 1994இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பின், 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தால் ஃபர்னஸ் கிரீக்கில் சுமார் 314 ஏக்கர் உட்பட, தாயகத்தின் சில பகுதிகள் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன.

சிகரங்கள் சிலவற்றின் இன்றைய பெயர்கள் 1849இல் வந்தவர்களோடு தொடர்புடையவை. கலிபோர்னியாவின் தங்கத்தைத் தேடிக் குறுக்குவழியில் புறப்பட்ட சில குடும்பங்கள் அந்த ஆண்டு டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கில் சிக்கிக்கொண்டன. மேற்கே பனமின்ட் சுவர் மறித்து நின்றது. பென்னெட், ஆர்கேன் என்ற இரு குடும்பங்களைக் குழந்தைகளோடு ஓர் ஊற்றருகே விட்டுவிட்டு, வில்லியம் லூயிஸ் மேன்லி, ஜான் ரோஜர்ஸ் என்ற இரு இளைஞர்கள் உதவி தேடி நடந்தார்கள். பனமின்டைக் கடந்து, மொஹாவி பாலைவனத்தைத் தாண்டி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து சான் ஃபெர்னாண்டோ பக்கத்துக் குடியிருப்பை அடைந்தார்கள். உணவோடும் ஒரு கோவேறு கழுதையோடும் ஏறத்தாழ நான்கு வாரத்தில் திரும்பி வந்து, அந்தக் குடும்பங்களை மீட்டார்கள். மேன்லி இந்த அனுபவத்தை 1894இல் நூலாக வெளியிட்டார். ரோஜர்ஸ் சிகரம், பென்னெட் சிகரம், அவற்றுக்கு இடையே உள்ள ஆர்கேன் புல்வெளி ஆகியவை இவர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. மேன்லியின் பெயரில் இதே தொடரின் தெற்கே ஒரு சிகரம் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் வழியில் வெள்ளித் தாது கண்டார் என்ற செய்தி பின்னர் பல தேடல் குழுக்களை இங்கே இழுத்தது. 1860களின் தொடக்கத்தில் அப்படி வந்த டபிள்யூ. டி. ஹெண்டர்சன் இத்தொடரின் மிக உயர்ந்த சிகரத்தில் ஏறினார். உச்சியிலிருந்து கண்ட தெளிவான நெடுந்தூரக் காட்சியால் அதற்கு டெலஸ்கோப் என்று பெயரிட்டார். காற்று தெளிந்த நாளில் கிழக்கே பேட்வாட்டரையும், மேற்கே 4,421 மீட்டர் உயர விட்னி மலையையும் அங்கிருந்து காணலாம். அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடமும் மிக உயர்ந்த இடமும் ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன.

வைல்ட்ரோஸ் பாதை தொடங்கும் இடத்தில் வரிசையாகப் பத்து கரிச்சூளைகள் நிற்கின்றன. 1877இல் மோடாக் சுரங்க நிறுவனம் கல்லால் கட்டிய இவை ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர் உயரம் கொண்டவை. மலையின் பினியன், ஜூனிப்பர் மரங்களை வெட்டி இங்கே கரியாக்கி, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஆர்கஸ் மலையிலிருந்த உலைகளுக்கு வெள்ளி, ஈயத் தாதுவை உருக்க அனுப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்ட சூளைகளை 1971இல் நவஹோ இனத்துக் கல்தச்சர்கள் செப்பனிட்டார்கள்.

பாதை

மூன்று சிகர நடை 2,479 மீட்டர் உயரத்தில் உள்ள மஹோகனி ஃபிளாட் முகாமில் தொடங்குகிறது. கரிச்சூளைகளுக்கு மேலே அங்கு செல்லும் கடைசிச் சில கிலோமீட்டர் செங்குத்தான கரடுமுரடு மண்சாலை. தரையிலிருந்து உயர்ந்த அடிப்பகுதி கொண்ட வண்டிதான் அதில் ஏறும். முகாமில் குடிநீர் கிடையாது.

பாதை முதலில் ரோஜர்ஸ் சிகரத்தின் கிழக்குச் சரிவைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறுகிறது. இடப்பக்கம் டெத் வேலி முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். சுமார் 4 கிலோமீட்டரில், 2,900 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், ஆர்கேன் புல்வெளி வருகிறது. ரோஜர்ஸ், பென்னெட் சிகரங்களுக்கு இடையே தாழ்ந்து கிடக்கும் வெட்டவெளி இது. இங்கிருந்து வடக்கே பாதையில்லாத சரிவில் 120 மீட்டர் அளவுக்கு ஏறினால் ரோஜர்ஸ். அதன் தலையில் தகவல்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. திரும்பி இறங்கி, தெற்கே முகட்டின் மேலாகவே ஏறினால் பென்னெட். பென்னெட்டின் மறுபக்கம் இறங்கும்போது, அதன் மேற்குச் சரிவைச் சுற்றி வந்த முதன்மைப் பாதை மீண்டும் காலடியில் சேர்கிறது. அதன் பிறகு முகட்டின் மேல் நீண்ட நடை. கடைசியில் பிரிஸ்டில்கோன் மரங்களுக்கு இடையே கொண்டை ஊசி வளைவுகளாகச் செல்லும் ஏற்றம் டெலஸ்கோப் உச்சியில் கொண்டுபோய் விடுகிறது.

பாதை வழியே டெலஸ்கோப் மட்டும் போய் வந்தால் 22.5 கிலோமீட்டர்; ஏற்றம் 900 மீட்டருக்கு மேல். மற்ற இரண்டையும் சேர்த்தால் நடை 25 கிலோமீட்டரை ஒட்டியும், மொத்த ஏற்றம் 1,200 மீட்டரை ஒட்டியும் வரும். வைல்ட்ரோஸ் சிகரம் கரிச்சூளைகளிலிருந்து தனிப் பாதையில் ஏறுவது. போய்வர 13.5 கிலோமீட்டர், 670 மீட்டர் ஏற்றம். சூளைகளில் தொடங்கி வைல்ட்ரோஸ் போய் வந்து, மண்சாலையில் மஹோகனி ஃபிளாட் ஏறி, மற்ற மூன்றையும் முடித்துத் திரும்பினால் நடை 40 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஏற்றம் 2,200 மீட்டரை ஒட்டி வரும்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன எளிய விதி இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். மூன்று சிகரங்களுக்கு இதன்படி ஏழு மணி நேரம் வருகிறது. இது ஓய்வில்லாத, நல்ல பழக்கமுள்ளவரின் நடைக்கான கணக்கு. உயரத்தின் மூச்சிரைப்பு, பாதையற்ற சரிவு, சாப்பாடு, இளைப்பாறல் எல்லாம் சேர்த்தால் ஒன்பது, பத்து மணி நேரம் ஒதுக்குவதே சரி. நான்கு சிகரங்களுக்கு விதிப்படியே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். ஜூன் மாதத்தில் அங்கு பகல் பதினாலரை மணி நேரம் நீள்கிறது. அக்டோபர் இறுதியில் பதினொரு மணி நேரத்துக்கும் குறைந்துவிடுகிறது. ஆகவே நான்கு சிகர நடை நெடும்பகல் மாதங்களுக்கே உரியது. அப்போதும் தலையில் மாட்டும் விளக்கு பையில் இருக்க வேண்டும்.

புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்துகொள்வது நல்லது. பிற்பகல் ஒரு மணிக்குள் டெலஸ்கோப் உச்சியை அடையாவிட்டால் எங்கிருந்தாலும் திரும்புவது என்று வைத்துக்கொண்டால், களைத்த மனம் அந்த நேரத்தில் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

தண்ணீர்

இந்தப் பாதையில் எங்கும் நீர் கிடையாது. குடிக்கப்போகும் ஒவ்வொரு மிடறையும் முதுகில் சுமந்தே ஏற வேண்டும். டெத் வேலியில் நடப்பவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் கொண்டுசெல்ல வேண்டும் என்பது பூங்காவின் அறிவுரை. நீண்ட நடைக்கு 5, 6 லிட்டர் தேவைப்படலாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் புறப்படும்போது பை கனக்கும். பலரும் செய்யும் தவறு அந்தக் கனத்துக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பதுதான்.

வறண்ட காற்றில் வியர்வை வந்த உடனேயே காய்ந்துவிடுகிறது. சட்டை நனையாததால் வியர்க்கவில்லை என்றே தோன்றும். மூச்சுக்காற்று வழியாகவும் உடல் நீரை இழக்கிறது. உயரத்தின் குளிர்ச்சியில் தாகமும் மட்டுப்படும். ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகக் குடித்துவர வேண்டும். நீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். உப்பு சேர்ந்த தின்பண்டமும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியும் தண்ணீருக்கு இணையாகத் தேவை. கையிருப்பு பாதியாகும்போது பாதி வழியைக் கடந்திருக்க வேண்டும். கடக்கவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும்.

வெயிலும் குளிரும்

டெலஸ்கோப் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகிய உயர நோய் அறிகுறிகள் தோன்றும். பள்ளத்தாக்கிலிருந்து வண்டியில் ஓரிரு மணி நேரத்தில் ஏறி, அப்போதே நடக்கத் தொடங்குவது உடலுக்குக் கடினம். முதல் நாள் இரவை மஹோகனி ஃபிளாட்டில் கழிப்பது பழக்கப்பட உதவும். அறிகுறி முற்றினால் இறங்குவதே மருந்து.

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி ஆகியவை வெயிலுக்கு. காற்றைத் தடுக்கும் மேலங்கியும் கம்பளித் தொப்பியும் முகட்டின் குளிருக்கு. ஒரே நாளில் இரண்டும் தேவைப்படும். கோடைப் பிற்பகல்களில் இடிமழை திரளும்போது முகட்டில் நிற்பவரே அங்கு மிக உயர்ந்த பொருளாக இருக்க நேரும்; முழக்கம் கேட்டதும் முகட்டை விட்டு இறங்க வேண்டும். கீழே பள்ளத்தாக்குகளில் அதே மழை காட்டாற்று வெள்ளமாகிச் சாலைகளை அறுத்துவிடும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் எச்சம் ஒரே நாளில் ஓர் ஆண்டு மழையைக் கொட்டியபோது பூங்காச் சாலைகள் பல பழுதாகி மூடப்பட்டன.

நவம்பர் முதல் மே வரை மேற்பாதையில் பனி கிடக்கலாம். அப்போது பனிக்கோடரியும் காலணி முட்களும் அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாமல் ஏறக் கூடாது.

தனியாக நடப்பவர்

கூட்டமாகச் செல்லும்போது ஒருவருடைய கணுக்கால் பிசகினால் மற்றவர் உதவிக்கு ஓடுவார். தனியாகச் செல்பவருக்கு அந்த வாய்ப்பில்லை. சிறு காயமும் இரவு தங்கலாக மாறக்கூடும். வெப்பத்தாக்கமும் உயர நோயும் தெளிவான சிந்தனையைக் குலைக்கக்கூடும். அதைக் கவனித்துச் சொல்ல அருகில் ஆள் இருக்க மாட்டார். இந்த இரண்டு குறைகளையும் முன்னேற்பாட்டால்தான் ஈடுகட்ட முடியும்.

எந்தப் பாதை, எந்தச் சிகரங்கள், எத்தனை மணிக்குள் திரும்புதல், எத்தனை மணி வரை செய்தி இல்லையென்றால் யாரை அழைப்பது ஆகிய விவரங்களை நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசி அலைவரிசை கிடைக்காது. செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் கருவி இருந்தால் நல்லது. ஆனால் அழைத்தவுடன் உதவி வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. கடும் வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைவதால் ஹெலிகாப்டர்கள் பறக்க இயலாமல் போன நேர்வுகள் டெத் வேலியில் உண்டு. ஓர் இரவைத் தாக்குப்பிடிக்கும் உடை, கூடுதல் உணவு, விசில், காயக்கட்டு, காகித வரைபடம், திசைகாட்டி ஆகியவை பையின் நிரந்தரக் குடிகளாக இருக்க வேண்டும்.

பாதையில்லாத ரோஜர்ஸ், பென்னெட் சரிவுகளில் கால் வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். பாலைவன மண்ணில் ஒரு காலடித் தடம் அழியப் பல ஆண்டுகள் ஆகும். கூடிய வரை பாறை மேலேயே நடக்க வேண்டும். பிரிஸ்டில்கோன் மரங்களின் வேரை மிதிப்பதோ, பட்டுப்போன கிளையை ஒடிப்பதோ கூடாது. பூங்காவில் இயற்கைப் பொருள் எதையும் எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம்.

முதல் முறை செல்பவருக்கு வைல்ட்ரோஸ் சிகரம் மட்டுமே போதும். அது உடலின் வேகத்தையும் தண்ணீர்த் தேவையையும் சொல்லிக் கொடுத்துவிடும். அடுத்து டெலஸ்கோப் மட்டும், அதன் பிறகு மூன்று சிகரங்கள், கடைசியாக நான்கு என்ற வரிசையில் போவதே அறிவுடைமை. முன் அனுபவம் இல்லாதவர் இந்த நடையைத் தனியாகத் தொடங்கவே கூடாது. கைவசம் உள்ள தண்ணீரும் மிச்சமுள்ள பகலும் எந்தச் சிகரம் வரை அனுமதிக்கின்றனவோ, அன்றைய நடை அதோடு முடிய வேண்டும்.